தொலைந்த நூலும் தொடர்ந்த தேடலும்
(போர்னு நாட்டு முகம்மது அலி பின் சயீதின் தன்வரலாறு பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

ஒரு புலவரின் காலத்தையோ ஒரு நூலின் வரலாற்றையோ உறுதிசெய்ய முற்படும்போது அகச்சான்று, புறச்சான்று என்னும் இரண்டையும் நாம் தேடுகிறோம். நூல் தன்னைப் பற்றித் தானே சொல்வது அகச்சான்று. பிற நூல்களும் ஆவணங்களும் அதனைப் பற்றிச் சொல்வன புறச்சான்று. இரண்டும் ஒத்துவந்தால் மகிழ்கிறோம். முரண்பட்டால் எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்று ஆராய்கிறோம். நூல் பேசவேண்டிய இடத்தில் பேசாது நின்றுவிட்டால் அந்த மௌனத்தை என்ன செய்வது என்னும் வினாவை மட்டும் நாம் அடிக்கடி எழுப்புவதில்லை.

இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு ஏற்றதொரு தன்வரலாற்று நூல் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, மூன்று கண்டங்களைக் கடந்து, நான்காவது கண்டமாகிய அமெரிக்காவில் குடியேறிப் போர்வீரராகப் பணியாற்றிய முகம்மது அலி பின் சயீது என்பவர் எழுதிய நூல் அது. அச்சேறியும் நூறாண்டுக்கு மேலாக மறக்கப்பட்டிருந்து மீண்டும் வெளிவந்த அந்நூலைத் தேடிச் சென்ற வழியையும், நூல் கிடைத்த பின்னரும் தேடல் முடியாமற்போன காரணத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

வாழ்க்கைச் சுருக்கம்

சாடு ஏரிக்கு மேற்கே அமைந்திருந்த போர்னு அரசின் தலைநகர் கூக்கா. 1814-இல் ஷெய்கு முகம்மது அல் அமீன் அல் கானெமி அமைத்த நகரம் அது. அங்கே 1836-ஆம் ஆண்டளவில் சயீது பிறந்தார். தம் தந்தை போர்னுப் படைத்தலைவர் பார்க்கா கானா என்று அவர் எழுதுகிறார். இளமையிலேயே ஆசிரியர் ஒருவரிடம் அறபு எழுதவும் படிக்கவும் கற்றார். பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும்போது தோழர்களுடன் வேட்டைக்குச் சென்றவரைத் துவாரெக் கொள்ளைக் கூட்டத்தார் பிடித்துச் சென்றனர். சகாரா பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்து முர்சூக் நகரில் விற்கப்பட்டார். அங்கிருந்து திரிபோலிக்குச் சென்று ஹாஜி தாவூது என்னும் புகையிலை வணிகரின் அடிமையானார். அவருடன் மக்கா பயணமும் மேற்கொண்டார்.

வணிகரின் கடை தீக்கிரையாகவே, இளைஞர் சயீது மீண்டும் விற்கப்பட்டார். உஸ்மானியப் பேரரசின் தலைநகர் இஸ்தான்புல்லில், அக்காலத்தின் பேர்பெற்ற அமைச்சர்களான ஃபுவாத் பாஷா, ரஷீத் பாஷா ஆகியோரின் இல்லங்களில் பணிசெய்தார். 1853-இல் ரஷ்யத் தூதராக அங்கு வந்த இளவரசர் மென்ஷிகோவின் கைக்கு மாறி ரஷ்யா சென்றார். பின்னர் இளவரசர் நிக்கோலஸ் த்ருபெத்ஸ்கோயின் பணியாளரானார். 1855-இல் ரிகா நகரில் அவருக்கு ஞானமுழுக்குச் செய்விக்கப்பட்டு, எஜமானரின் பெயராகிய நிக்கோலஸ் என்பதே அவருக்கும் பெயராயிற்று. ஆயினும் சயீது என்னும் பெயரை அவர் விடவில்லை. நிக்கோலஸ் சயீது என்றே இறுதிவரை வழங்கினார்.

த்ருபெத்ஸ்கோயுடன் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றைக் கண்டபின், பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வேட்கை மிக்கு 1859-இன் இறுதியில் லண்டனில் அப்பணியிலிருந்து விடைபெற்றார். ஆனால் ஊர் திரும்புவதற்கு முன்பே, டச்சு கயானாவைச் சேர்ந்த ஒருவரின் பணியாளராக அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பல் ஏறினார். அந்த மனிதர் சயீதின் சேமிப்பைக் கடனாகப் பெற்றுக்கொண்டு, கனடாவில் அவரைக் கைவிட்டுச் சென்றார். திரும்பிச் செல்லப் பொருளின்றி அமெரிக்காவுக்குள் வந்த சயீது டிட்ராய்ட் நகரில் ஆசிரியராக இருந்தார். 1863-இல் உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார்.

அமெரிக்காவில் அடிமைகளாக இறக்கப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் பலர். சயீதோ அந்நாட்டுக்குள் தம் காலால் நடந்து வந்த குடியேறி. தாமே முன்வந்து படையில் சேர்ந்தவர். அவர் வரலாறு பிறர் வரலாறுகளினின்று வேறுபடும் இடம் இது.

முதற்பாடம்: 1867

சயீதின் தன்வரலாற்றுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதற்பாடம் 1867 அக்டோபரில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ என்னும் இதழில், ‘போர்னு நாட்டவர் ஒருவர்’ என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. அதன் முகப்பில், படைப்பிரிவில் சயீதுடன் பழகிய ஒருவர் எழுதிய சிறு குறிப்பு உள்ளது. புறச்சான்று தேடும் நமக்கு அக்குறிப்பு பெரும்பொருள்.

முகத்தில் குலக்குறிகளாகக் கீறப்பட்டிருந்த கோடுகளும், படைப்பதிவேட்டில் பிறந்த இடம் என்னும் கட்டத்தில் ‘ஆப்பிரிக்கா’ என்று எழுதப்பட்டிருந்ததும் முதலில் கவனத்தை ஈர்த்தன என்று குறிப்பாளர் கூறுகிறார். விசாரித்தபோது, தாய்மொழியன்றி மேலும் ஏழு மொழிகளில் அவருக்குப் பயிற்சி உண்டு என்பது தெரியவந்தது. கதையைக் கேட்டவர்கள் வேண்டிக்கொண்டதன் பேரில் சயீது தம் நினைவுகளைத் தாளில் எழுதினார் என்றும், மொழிநடையும் செய்திகளும் அவருடையனவே என்றும் அக்குறிப்பு உறுதியளிக்கிறது.

சயீதின் தாய்மொழி கனூரி, கல்விமொழி அறபு. பின்னர்த் துருக்கியும் ரஷ்யனும் பிரெஞ்சும் பிறவும் கற்றார். ஆனால் தம் வாழ்வை எழுத அவர் எடுத்துக்கொண்டது, பிந்திக் கற்ற ஆங்கிலத்தை. அவருடைய கதையைக் கேட்க இருந்த செவிகள் அம்மொழிக்குரியனவாக இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். எழுதுவோன் யார் என்பதோடு, யாருக்காக எழுதுகிறான் என்பதும் நூலின் வடிவைத் தீர்மானிக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாடத்துக்குச் செல்வோம்.

இரண்டாம் பாடம்: 1873

போர் முடிந்தபின் சயீது தென் மாநிலங்களுக்குச் சென்றார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பின்னர் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் பள்ளி நடத்தியும் சொற்பொழிவாற்றியும் வாழ்ந்தார். 1873-இல் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் ஷாட்வெல் அச்சகத்தார் அவருடைய தன்வரலாற்றைத் தனிநூலாக வெளியிட்டனர். இருநூறு பக்கங்களைக் கடந்த நூல் அது. தலைப்பிலேயே தம்மைப் போர்னுவின் பிள்ளை என்று அவர் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

இதழ்க் கட்டுரையைவிட இந்நூல் பலமடங்கு விரிவானது. போர்னு அரசின் வரலாறு, மக்களின் வழக்கங்கள், அண்டை நாடுகளுடன் நிகழ்ந்த போர்கள் என்பனவற்றைத் தொடக்க இயல்களில் விரித்துரைக்கிறார். ஆப்பிரிக்காவைப் பற்றிப் பிறர் பரப்பிய தவறான எண்ணங்களைக் களைதல் வேண்டும், அம்மண்ணின் மக்களிடத்தும் அறிவும் முயற்சியும் உண்டு என்பதை மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் நோக்கம் நூல் முழுதும் ஊடாடி நிற்கிறது. முதற்பாடத்தில் பிறர் கேட்டதற்கு விடை சொன்னவர், இரண்டாம் பாடத்தில் தாம் சொல்ல விரும்பியதைச் சொல்கிறார்.

தொலைதலும் கிடைத்தலும்

இவ்வளவு அரிய நூல் எவ்வாறு தொலைந்தது? அதனை யாரும் எரிக்கவில்லை, தடைசெய்யவுமில்லை. ஒரு தென்னக நகரின் சிறு அச்சகத்தில் வெளியான அந்நூலை மறுபதிப்புச் செய்வார் இல்லை. எழுதியவரும் 1882-இல் டென்னசியின் பிரவுன்ஸ்வில் நகரில் மறைந்தார் என்று கூறப்படுகிறது. நூலை நூலாகப் போற்றிக் கைமாற்றித் தரும் ஒரு சமுதாயம் அவருக்கு அங்கே இல்லை. ஊரும் உறவும் கடலுக்கு அப்பால் இருந்தன. ஆகவே இதழ்க் கட்டுரை மட்டும் நூலகங்களின் பழைய தொகுதிகளில் தங்கிவிட, தனிநூல் கண்ணுக்கு மறைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வு வளர்ந்தது. ஆலன் ஆஸ்டின் என்னும் பேராசிரியர் 1984-இல் வெளியிட்ட ஆதாரத் தொகுப்பு இத்துறைக்கு அடிக்கல்லாயிற்று. 1994-இல் சயீதின் ஐங்கண்டப் பயணம் குறித்து அவர் தனிக்கட்டுரையும் எழுதினார். பின்னர் 2000-ஆம் ஆண்டை ஒட்டி, பிரெஷஸ் ரஷீதா முஹம்மது என்னும் அமெரிக்க முஸ்லிம் ஆய்வாளர் 1873-ஆம் ஆண்டு நூலை வெளிக்கொணர்ந்து மறுபதிப்பாக்கினார். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மின்னணுத் தொகுப்பில் இன்று அந்நூலை முழுமையாகப் படிக்கலாம். 2023-இல் டீன் கால்பிரெத் என்பவர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறும் வந்துள்ளது.

இத்தகைய மீட்பு இது ஒன்றே அன்று. வட கரோலினாவில் அடிமையாக வாழ்ந்த உமர் பின் சயீது என்பவர் 1831-இல் அறபியில் எழுதிய தன்வரலாற்றின் கையெழுத்துப்படியும் நெடுங்காலம் காணாமற்போய், 1995-இல் வர்ஜீனியாவில் ஒரு பழைய பெட்டியிலிருந்து கிடைத்தது. பெயரொற்றுமை கண்டு இவ்விருவரையும் ஒருவராக மயங்குதல் கூடாது. உமர் மேற்கு ஆப்பிரிக்கர், அடிமையாகவே மறைந்தவர். நம் சயீது போர்னு நாட்டவர், படைவீரர். எனினும் ஒருவருடைய நூல் பெட்டிக்குள்ளும் மற்றவருடைய நூல் மறதிக்குள்ளும் கிடந்து பின் வெளிப்பட்டமை ஒப்புநோக்கத்தக்கது.

சான்றுகளைச் சோதித்தல்

நூல் கிடைத்துவிட்டது என்பதனாலேயே அதன் கூற்றெல்லாம் மெய்யாகிவிடா. ஆகவே மூன்று இடங்களில் அதனைச் சோதித்துப் பார்ப்போம்.

முதலாவது, தந்தையின் பெயர். ஆங்கிலேயப் பயணி டிக்சன் டென்ஹாம் 1823-இல் போர்னு சென்று, பார்க்கா கானா தலைமையில் சென்ற மந்தாராப் படையெடுப்பில் உடன் சென்றார். அது தோல்வியில் முடிய, அரும்பாடுபட்டு உயிர் தப்பினார். 1826-இல் வெளியான பயணநூலில் அப்படைத்தலைவரைப் பற்றி எழுதியுள்ளார். எனவே பார்க்கா கானா என்பவர் கற்பனை மாந்தர் அல்லர். ஆனால், “டென்ஹாமின் நூலைப் படித்து அப்பெயரைச் சயீது எடுத்துக்கொண்டிருக்கலாகாதா?” என்று கூர்மையான மாணவர் ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. படைத்தலைவர் இருந்தார் என்பதற்குப் புறச்சான்று உண்டு. அவர் மகன் இவர் என்பதற்கு உள்ளது இவர் சொல்லே. ஆய்வில் இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது.

இரண்டாவது, மென்ஷிகோவ். 1853-இல் அவர் இஸ்தான்புல்லுக்குத் தூது வந்ததும், தூது முறிந்து திரும்பியதும், கிரிமியப் போர் மூண்டதும் உலகறிந்த வரலாறு. சயீது கூறும் கால வரிசை இதனோடு பொருந்துகிறது. பேரரசுகளின் வரலாற்றில் கதவோரத்தில் நின்ற ஒரு பணியாளின் கண் வழியே அந்நிகழ்ச்சிகளைக் காணும் வாய்ப்பை இந்நூல் நமக்குத் தருகிறது.

மூன்றாவது, படைப்பணி. நம் வினாவின் மையம் இதுவே.

நூலின் மௌனம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 55-ஆம் காலாட்படை 1863-இல் கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. சயீது அதில் ‘ஐ’ அணியில் சேர்ந்து சார்ஜெண்ட் ஆனார். பின்னர் மருத்துவ அறிவு பெற விரும்பி, பதவியைக் குறைத்துக்கொண்டு கார்ப்பரலாகப் படை மருத்துவமனைப் பணிக்குச் சென்றார். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர் ஊதியம். கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். இந்த அநீதியை ஏற்க மறுத்து அப்படைப்பிரிவினர் ஓராண்டுக்கும் மேலாக ஊதியமே வாங்காமல் போரிட்டனர். 1864 நவம்பர் 30-இல் ஹனி ஹில் போர்க்களத்தில் பலரை இழந்தனர். 1865 பிப்ரவரியில், போர் தொடங்கிய நகரமாகிய சார்ல்ஸ்டனுக்குள் அணிவகுத்து நுழைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் படைப்பிரிவு கலைக்கப்பட்டது.

ஒரு வீரர் தன்வரலாறு எழுதினால் பெருமிதத்தோடு விரித்துரைக்கும் பகுதி இதுவாகத்தானே இருக்கும்? 1873-ஆம் ஆண்டு நூலில் இப்பகுதி இல்லை. சகாராவின் மணலையும் ரஷ்யாவின் பனியையும் எழுதிய கை, தாம் அணிந்த படையுடையைப் பற்றி எழுதவில்லை.

காரணத்தை நூல் சொல்லவில்லை, சூழல் சொல்கிறது. நூல் வெளிவந்தது மெம்பிஸில். அவர் வாழ்ந்ததும், பள்ளி நடத்தியதும், நூலுக்கு வாசகர் தேடியதும் தோற்ற தென்னகத்தில். அங்கே செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தவர்கள் நேற்று எதிரணியில் நின்று போரிட்டவர்கள். கறுப்பின மக்களுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் வன்முறைக்கு ஆளான காலம் அது. அத்தகைய ஊரில், “உங்களுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தினேன்” என்று எழுதுவது நூலை மட்டுமன்றி உயிரையும் இடரில் ஆழ்த்தக்கூடும். ஆகவே இம்மௌனம் மறதியாலோ நாணத்தாலோ நேர்ந்தது எனக் கொள்வதைக் காட்டிலும், காலத்தின் கெடுபிடியால் நேர்ந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

தனிநூலை மட்டும் கண்டெடுத்தவர், சயீதைப் பல நாடு கண்ட பணியாளராகவும் ஆசிரியராகவும் மட்டுமே அறிவார். படைப்பதிவேட்டை மட்டும் பார்த்தவர், பிறந்த இடம் ஆப்பிரிக்கா என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவார். 1867-ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் படித்தவருக்கு அவருடைய பிற்கால வாழ்வு தெரியாது. மூன்றையும் அருகருகே வைத்தால்தான் முழு மனிதர் புலப்படுகிறார். காணாமற்போன நூலைத் தேடுவது ஒரு தேடல் எனின், கிடைத்த நூலுக்குள் காணாமற்போனதைத் தேடுவது மற்றொரு தேடல். ஆய்வு மாணவர்க்கு இரண்டும் கடமையாகும்.

முடிவுரை

பிறந்தபோது முகம்மது அலி, ரிகாவில் நிக்கோலஸ், படைப்பதிவேட்டில் ஆப்பிரிக்கர். பெயர்களைப் பிறர் மாற்றிக்கொண்டே சென்ற ஒரு மனிதர் தம் வாழ்வைத் தாமே எழுதி வைத்துச் சென்றதால்தான் இன்று நாம் அவரை அறிகிறோம். அவ்வெழுத்தையும் நூறாண்டுகள் ஒருவரும் பேணவில்லை. ஒரு தலைமுறையின் அலட்சியம் போதும். ஒரு வாழ்வு முழுவதும் அழிந்துவிடும்.

இச்செய்தி தொலைதூர நாட்டுக் கதையாக மட்டும் நின்றுவிடலாகாது. நம் முன்னோர் பலர் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பல் ஏறியவர்கள். கணக்கு நோட்டின் பின்பக்கங்களிலும், அறபுத் தமிழில் எழுதிய கடிதங்களிலும் தங்கள் வாழ்வின் துணுக்குகளை விட்டுச் சென்றவர்கள் அவர்களுள் உண்டு. அறபுத் தமிழைப் படிக்கும் கண்கள் குறைந்துவரும் இந்நாளில், எழுத்து விளங்கவில்லை என்பதனாலேயே அத்தாள்கள் பழைய தாளோடு எடைக்குப் போய்விடும் நிலை உள்ளது. பெரியோர்கள் அவற்றைக் கழிக்கும் முன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டனாரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைப்பதை ஓர் எழுத்தும் திருத்தாமல் படியெடுங்கள். யார் எழுதியது, எங்கிருந்து, எந்த ஆண்டு, யாருக்கு என்பனவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து, அத்தாளில் அவர் எழுதாமல் விட்டது எது என்று கேளுங்கள். சயீதின் நூல் நமக்குக் கற்பிக்கும் பாடத்தின் இரண்டாம் பாதி அங்கேதான் தொடங்குகிறது.